வோகா தொடர் மானியம்: அடுத்த ஆண்டுப் பணம் உறுதியா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் குடும்ப வன்முறைக்கு ஆளான தெற்காசியப் பெண்களுக்கு உதவும் சிறு அமைப்பு. குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கான ஃபெடரல் (மத்திய அரசு) நிதியான வோகாவிலிருந்து மாநில அரசு வழியாக மானியம், அறிவிப்பில் மூன்றாண்டுத் திட்டம் என்று போட்டிருந்தது. முதலாண்டு செப்டம்பர் 30-இல் முடிகிறது, ஆனால் தொடர் மானியத்துக்கு மறுபடி விண்ணப்பம் கேட்கிறார்கள். அந்த மானியத்தில் சம்பளம் வாங்கும் ஆலோசகர் டிசம்பர் நடுவில்தான் சேர்ந்ததால் சுமார் 15,000 டாலர் செலவாகாமல் நிற்கிறது. விண்ணப்பம் வெறும் சம்பிரதாயமா, மிச்சப் பணம் அடுத்த ஆண்டுக்கு வருமா என்று கேட்டுவிட்டு, கடைசி வரியில் "அந்த ஆலோசகரிடம் உங்கள் வேலை உறுதி என்று சொல்லிவிடலாமா?" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அந்தக் கடைசி வரியைத்தான் உண்மையான கேள்வியாக எடுத்துக்கொள்கிறேன்.

உறுதி என்று சொல்லாதீர்கள். ஃபெடரல் மானியங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான விதித்தொகுப்பு ஒன்று உண்டு, யூனிஃபார்ம் கைடன்ஸ் என்பார்கள். அதில் திட்டக் காலம் வேறு, பட்ஜெட் காலம் வேறு. உங்கள் மூன்றாண்டு என்பது திட்டக் காலம். பணம் கொடுக்க ஒப்புக்கொண்டிருப்பது பட்ஜெட் காலத்துக்கு மட்டும், அதாவது இந்த ஓராண்டுக்கு. அவார்ட் லெட்டரில் (மானியம் வழங்கும் கடிதத்தில்) திட்டக் காலம் நீளமாகப் போடப்பட்டிருப்பதால், நடப்பு பட்ஜெட் காலத்துக்கு அப்பால் பணம் தர அரசு கட்டுப்பட்டதாக ஆகாது என்று அந்த விதித்தொகுப்பின் விளக்கப் பகுதியே சொல்கிறது. உங்கள் அவார்ட் லெட்டரிலும் "நிதி கிடைப்பதைப் பொறுத்து" என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். முதல் ஆண்டின் மகிழ்ச்சியில் யாரும் அதைப் படிப்பதில்லை. இன்றே எடுத்துப் படித்துவிடுங்கள்.

ஆனால் வெறும் சம்பிரதாயம் இல்லை என்பதற்காகப் புதிதாகப் போட்டியிடும் விண்ணப்பத்தைப் போல் பயப்படவும் வேண்டாம். பெரும்பாலும் தொடர் மானிய விண்ணப்பங்களை வெளியாரோடு போட்டி போட வைப்பதில்லை. நீங்கள் சொன்னதைச் செய்தீர்களா, பணத்தை ஒழுங்காகச் செலவழித்தீர்களா, அடுத்த ஆண்டுக்குக் கேட்பதில் நியாயம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இந்த மூன்றும் உங்கள் கையில் இருப்பவை. நான்காவதாக ஒன்று உண்டு, மாநிலத்தின் கையில் பணம் இருக்கிறதா என்பது. அது உங்கள் கையிலும் இல்லை, அவர்கள் கையிலும் முழுதாக இல்லை.

அந்த நான்காவதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலருக்கு வோகா பணம் எங்கிருந்து வருகிறது என்பதே தெரியாது. 1984-இல் வந்த குற்றத்தால் பாதிக்கப்பட்டோர் சட்டத்தின் பெயர்ச்சுருக்கம்தான் வோகா. இந்த நிதிக்கு வருமானம் பெரும்பாலும் வரிப்பணம் இல்லை. ஃபெடரல் நீதிமன்றங்களில் தண்டனை பெற்றவர்கள் கட்டும் அபராதம்தான். பெரிய நிறுவனங்கள் கட்டும் அபராதம் இதில் பெரும்பகுதி. அது ஒரு நிதியத்தில் சேர்கிறது, அதிலிருந்து ஓர் ஆண்டில் எவ்வளவு எடுக்கலாம் என்று அமெரிக்க காங்கிரஸ் உச்சவரம்பு வைக்கிறது. 2018 நிதியாண்டில் அந்த உச்சவரம்பு 443.6 கோடி டாலர். 2024-இல் 135.3 கோடி. ஆறே ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது. அந்தத் தொகையிலும் எஃப்.பி.ஐ.யிலும் அரசு வழக்கறிஞர் அலுவலகங்களிலும் இருக்கும் உதவிப் பணியாளர்கள், பழங்குடி மக்களுக்கான ஒதுக்கீடு, இழப்பீட்டுத் திட்டம் எல்லாம் போக மீதிதான் உங்களைப் போன்ற அமைப்புகளுக்காக மாநிலங்களுக்கு வருகிறது. மாநிலத்துக்கு அடிப்படையாக 5 லட்சம் டாலர், அதற்கு மேல் மக்கள்தொகைப்படி. வழக்கைக் கைவிடும் ஒப்பந்தங்களில் நிறுவனங்கள் கட்டும் தொகையும் இந்த நிதியத்துக்கே வரவேண்டும் என்று 2021 ஜூலையில் சட்டத்தைத் திருத்தினார்கள். அதனால் வரத்துக்கு ஒரு வாய்க்கால் கூடியது. ஆனாலும் வரத்து ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கத்தான் செய்யும், எந்த நிறுவனம் எப்போது எவ்வளவு அபராதம் கட்டும் என்று யாரும் பட்ஜெட் போட முடியாது.

ஆகவே உங்கள் செயல்பாடு அருமையாக இருந்தும் மாநிலம் எல்லாருக்கும் ஒரே அளவில் சதவீதக் குறைப்பு அறிவிக்கலாம். சில மாநிலங்கள் தங்களுக்கு வந்ததை நான்கு ஆண்டுக்கும் பரப்பி வைத்திருக்கும், ஏனென்றால் மாநிலத்துக்கு ஒவ்வோர் ஆண்டின் வோகா பணத்தையும் அந்த ஆண்டு போக இன்னும் மூன்று ஆண்டுகள் வரை செலவழிக்க நேரம் உண்டு. சில மாநிலங்கள் தங்கள் சொந்த நிதியிலிருந்து பள்ளத்தை நிரப்புகின்றன. உங்கள் மாநிலம் எந்த வகை என்பதை மாநில அலுவலகத்தில் உங்கள் மானியத்தைக் கவனிக்கும் கிராண்ட் மேனேஜரிடம் நேராகக் கேட்கலாம், கேட்பதில் தவறில்லை. கூடவே இன்னொன்றும் கேளுங்கள். விதிப்படி மாநிலம் தன் வோகா பணத்தில் குறைந்தது 10 சதவீதம் பாலியல் வன்முறைக்கும், 10 சதவீதம் குடும்ப வன்முறைக்கும், 10 சதவீதம் குழந்தைகள் மீதான வன்முறைக்கும், 10 சதவீதம் இதுவரை சரியாக உதவி எட்டாத பிரிவினருக்கும் ஒதுக்கியாக வேண்டும். உங்கள் மானியத்தை எந்தக் கணக்கில் காட்டுகிறார்கள்? எட்டாத பிரிவினர் கணக்கில் என்றால், தமிழும் தெலுங்கும் உருதும் பேசி உதவும் அமைப்பு அந்த வட்டாரத்தில் நீங்கள் ஒருவர்தான் என்பதை விண்ணப்பத்தில் முதல் பத்தியிலேயே சொல்லுங்கள். மாநிலத்துக்கு அந்த 10 சதவீதத்தைக் காட்ட உங்களைப் போன்றவர்கள் தேவை.

இனி மிச்சப் பணம். உங்கள் கணக்கைப் பார்த்தால் ஆலோசகருக்குச் சம்பளமும் இன்சூரன்ஸும் வரியும் சேர்த்து ஆண்டுக்கு 64,000 டாலர். அக்டோபர் 1-லிருந்து டிசம்பர் நடு வரை இரண்டரை மாதம் அந்த இடம் காலி. அதற்கு 13,333. அதன் மேல் நீங்கள் எடுத்திருக்கக்கூடிய 15 சதவீத நிர்வாகச் செலவு 2,000. ஆக 15,333. உங்கள் மிச்சம் கிட்டத்தட்ட முழுக்கவே காலி இடத்துச் சம்பளம்தான். இது நல்ல செய்தி, ஏனென்றால் ஒரே வரியில் விளக்கிவிடலாம். பத்துத் தலைப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாக மிச்சம் இருந்தால்தான் பட்ஜெட்டே தெரியாமல் போட்டிருக்கிறார்கள் என்ற எண்ணம் வரும்.

இந்த மிச்சம் தானாக அடுத்த ஆண்டுக்குப் போகாது. மாநிலம் அதை எடுத்துக்கொண்டு வேறு அமைப்புக்குக் கொடுக்கும், நான்காண்டு அவகாசம் இருப்பதால் அவர்களுக்கு அது வசதி. அதனால்தான் சீக்கிரமே சொன்னால் அவர்கள் கோபிப்பதில்லை. "இந்தத் தலைப்பில் இவ்வளவு மிஞ்சும், காரணம் இது" என்று ஜூலையில் ஓர் ஈமெயில் போட்டுவிட்டால் உங்களுக்கு நல்ல பெயர். செப்டம்பர் 29-ஆம் தேதி சொன்னால் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது. உங்களுக்கு வழி மூன்று. பட்ஜெட் திருத்தம் கேட்டு வோகா அனுமதிக்கும் வேறு தேவைக்கு இந்த ஆண்டே மாற்றுவது. மாநிலம் அனுமதித்தால் கூடுதல் பணம் இல்லாமல் கால நீட்டிப்பு வாங்குவது. இரண்டும் இல்லையென்றால் கௌரவமாகத் திருப்பி விடுவது. கால நீட்டிப்பில் ஒரு சிக்கல் உண்டு. அக்டோபரில் பழைய மானியமும் புதிய மானியமும் ஒரே நேரத்தில் ஓடும், ஒரே ஆலோசகரின் ஒரே மணி நேரத்தை இரண்டிலும் எழுத முடியாது. சின்ன அமைப்பில் கணக்கு வைப்பவருக்கு இது பெரிய தலைவலி. எனக்குக் கேட்டால் முதல் வழிதான் நல்லது. அவசரமாக வீட்டைவிட்டு வெளியேறும் பெண்ணுக்கு ஹோட்டலில் சில இரவுகள், பேருந்து அல்லது டாக்ஸிக் கட்டணம், மொழிபெயர்ப்பாளர், ஆலோசகருக்கு உரிய பயிற்சி ஆகியவை எல்லாம் வோகாவில் வரும். எழுத்தில் அனுமதி வந்த பிறகே செலவழியுங்கள்.

கடைசி வாரத்தில் பொருள் வாங்கிக் குவிக்காதீர்கள். ஒரே ஓர் ஆலோசகர் இருக்கும் திட்டத்தில் செப்டம்பர் 24-ஆம் தேதி ஐந்து லேப்டாப்புக்கு ஆர்டர் போட்டிருந்தால், கணக்குப் பார்க்க வருபவரின் கண் முதலில் அங்கேதான் போகும். செலவு அந்த பட்ஜெட் காலத்தின் வேலைக்குத் தேவைப்பட்டதாக இருக்கவேண்டும். செப்டம்பரில் பணம் கட்டிப் பதிவு செய்த நவம்பர் மாதக் கருத்தரங்கின் பயணச் செலவை இந்த ஆண்டில் எழுதுவதும் அதே தவறு, பயணம் நடக்கும் நாள்தான் கணக்கு. அதே சமயம் செப்டம்பர் 30-க்குள் முறையாக ஏற்பட்ட கடனுக்குப் பிறகு பணம் கட்டலாம். மாநிலத்திடம் மானியம் வாங்கும் உங்களைப் போன்றவர்களுக்கு ஃபெடரல் விதி கொடுக்கும் அவகாசம் 90 நாள், ஆனால் பல மாநிலங்கள் அதற்கு முன்பே கடைசி பில்லைக் கேட்கும். ஒப்பந்தத்தில் என்ன தேதி இருக்கிறதோ அதுதான் உங்கள் தேதி.

தொடர் மானியம் நின்றுபோவதற்கும் பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்வதற்கும் வழக்கமான காரணம் மோசடி இல்லை, வேலை செய்த நேரத்தை எழுதும் டைம்ஷீட். ஒவ்வொரு வாரமும் 40 மணி நேரம் வோகா, வோகா, வோகா என்று ஒரே மாதிரி நிரப்பி, ஜூலை 4 விடுமுறை வாரத்திலும் விடுப்பு எதுவும் காட்டாமல் 40 என்று எழுதி, ஆறு மாதத்துக்கான தாள்களில் ஒரே நாளில் ஒரே பேனாவில் கையெழுத்துப் போட்டு வைத்திருப்பார்கள். விதி கேட்பது உண்மையில் வேலை செய்த நேரத்தை. பட்ஜெட்டில் போட்ட சதவீதத்தை அப்படியே டைம்ஷீட்டில் எழுதினால் அது பட்ஜெட்டின் நகல், வேலைக்கான சான்று ஆகாது. உங்கள் ஆலோசகரையே எடுத்துக்கொள்ளுங்கள். சம்பளம் மட்டும் ஆண்டுக்கு 52,000 என்றால் வாரத்துக்கு 1,000. அமைப்பின் ஆண்டு நன்கொடை விருந்துக்கு அழைப்பிதழ் ஒட்டுவதிலும் மேஜை ஏற்பாட்டிலும் ஒரு வாரத்தில் ஆறு மணி நேரம் போய்விட்டது என்று வையுங்கள். நிதி திரட்டும் வேலைக்கு வோகாவில் இடமில்லை. அந்த வாரம் டைம்ஷீட்டில் வோகா 34, பொது 6 என்று வரவேண்டும். அந்த வாரச் சம்பளத்தில் 150 டாலரும் அதற்கு இணையான வரியும் சலுகையும் உங்கள் பொது நிதியிலிருந்து போகவேண்டும். 150 டாலரை உங்கள் கையிலிருந்து போடுவது கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஆறு மணி நேரம் எழுதப்பட்டிருக்கும் ஒரு தாள், மற்ற ஐம்பத்தோரு வாரத் தாள்களையும் நம்ப வைக்கும். முடிந்தால் ஆலோசகரை விருந்து வேலைக்கு இழுக்காமலே இருங்கள்.

மொழிபெயர்ப்பாளர் பில்லிலும் கவனம் வேண்டும். தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், மொழி, மணிக்கு எவ்வளவு, மொத்தம் ஆகியவை இருக்கவேண்டும். உதவி பெற்ற பெண்ணின் பெயர் இருக்கக்கூடாது, உங்கள் உள்எண் மட்டும் போதும். அவள் அடையாளத்தை அவளுடைய எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் வெளியிடக்கூடாது என்பது வோகா விதியிலேயே இருக்கிறது, நிதி கொடுக்கும் அலுவலகத்துக்கும் அது பொருந்தும். சரிபார்க்க வருபவர் கேஸ் ஃபைலைக் கேட்டால் மரியாதையாக அந்த விதியைச் சொல்லி, பெயரும் முகவரியும் மறைத்த படிவங்களைக் காட்டுங்கள். விவரமறிந்த அதிகாரி அதற்கு மேல் கேட்கமாட்டார். நம் சமூகம் சின்னது. ஒரு பெயர் வெளியே போனால் அது எந்தக் கோயில் வாசலில் போய் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்த ஆண்டு பட்ஜெட்டைப் போன ஆண்டின் நகலாக அனுப்பாதீர்கள். இன்சூரன்ஸ் பிரீமியம் கூடியிருக்கும், வாடகை கூடியிருக்கும். தொடர் மானியத்தில் தொகையைக் கூட்டித் தருவது அபூர்வம் என்பதால், கூடியதை எங்கே குறைத்து ஈடுகட்டுகிறீர்கள் என்று காட்டவேண்டும். நீங்கள் கொடுத்த எண்களையே வைத்துப் போட்டுப் பார்க்கிறேன். ஆலோசகர் 64,000, வாடகை 9,600, பயணம் 1,400, மொழிபெயர்ப்பு, தொலைபேசி, எழுதுபொருள் எல்லாம் சேர்த்து 5,000. மொத்தம் 80,000. ஃபெடரலோடு பேசி நிர்ணயித்த விகிதம் உங்களுக்கு இல்லை என்றால் பொது நிர்வாகச் செலவுக்கு 15 சதவீதம் வரை எடுக்கலாம். இது முன்பு 10 சதவீதமாக இருந்தது, 2024 அக்டோபர் 1 முதல் 15 ஆக்கினார்கள். ஆனால் அதை 80,000 மீது போடக்கூடாது. வாடகையைக் கழிக்கவேண்டும், விலை உயர்ந்த சாதனங்கள் இருந்தால் அவற்றையும். 80,000-இல் 9,600 போக 70,400, அதில் 15 சதவீதம் 10,560. ஆகக் கேட்கும் தொகை 90,560.

அதன் பிறகு மேட்ச், அதாவது திட்டச் செலவில் நீங்கள் போடவேண்டிய பங்கு. இங்கேதான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். வோகாவில் உங்கள் பங்கு 20 சதவீதம் என்றால் கேட்கும் தொகையில் 20 சதவீதம் இல்லை, திட்டத்தின் மொத்தச் செலவில் 20 சதவீதம். 90,560-இல் 20 சதவீதம் என்று 18,112 எழுதினால் குறைகிறது. நான்கில் ஒரு பங்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள். 90,560-ஐ நான்கால் வகுத்தால் 22,640, இரண்டும் சேர்ந்து 1,13,200, அதில் 20 சதவீதம் 22,640. கணக்கு நேராகிறது. இதைப் பணமாகவே கொடுக்கவேண்டியதில்லை, தன்னார்வலர்களின் உழைப்பாகவும் காட்டலாம். அந்த வேலைக்கு உங்கள் ஊரில் சம்பளத்துக்கு ஆள் வைத்தால் மணிக்கு 25 டாலர் என்றால் 906 மணி நேரம் வேண்டும், வாரத்துக்குச் சுமார் பதினேழரை மணி. யார், எந்தத் தேதி, என்ன வேலை, எத்தனை மணி என்று அன்றன்றே எழுதிக் கையெழுத்து வாங்கிய பதிவு இருந்தால்தான் அது மேட்ச். ஆகஸ்டில் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து எழுதிய பதிவு முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும். வேறு ஃபெடரல் மானியத்தை மேட்சாகக் காட்டக்கூடாது. முடியவில்லை என்றால் விலக்கு கேட்கலாம். 2021 திருத்தத்துக்குப் பிறகு விலக்குத் தர மாநிலங்களுக்குக் கைவசதி கூடியிருக்கிறது, உங்கள் மாநிலத்தின் எழுதப்பட்ட கொள்கையைக் கேட்டு வாங்குங்கள். காவல்துறையும் நீதிமன்றங்களும் வாங்கும் பைர்ன் ஜாக் மானியத்தில் ஃபெடரல் சட்டம் மேட்ச் கேட்பதில்லை. அதைப் பார்த்துப் பழகிய நண்பர் யாராவது "மேட்சே தேவையில்லை" என்று சொன்னால் உங்களுக்கு அது பொருந்தாது.

சப்ளான்டிங் என்ற சொல்லையும் ஒப்பந்தத்தில் பார்த்திருப்பீர்கள். ஏற்கெனவே வேறு பணத்தில் நடந்துகொண்டிருந்த வேலையை மானியத்துக்கு மாற்றிவிட்டு, அந்தப் பழைய பணத்தை வேறு எதற்கோ எடுத்துக்கொள்வதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். கூடுதல் உதவிக்காக வந்த பணம் பழைய செலவை ஏற்கக்கூடாது என்பது அதன் நோக்கம். உங்கள் உள்ளூர் கவுன்டி வாடகையில் பாதி கொடுத்து வருகிறது, இரண்டாம் ஆண்டில் முழு வாடகையையும் வோகாவில் கேட்டால் கேள்வி வரும். கவுன்டியே தானாக நிறுத்திவிட்டது என்றால், அந்தக் கடிதத்தை விண்ணப்பத்தோடு வையுங்கள்.

விவரக் குறிப்பில் எண்களை மறைக்காதீர்கள். 120 பெண்களுக்கு உதவுவதாகச் சொல்லி 83 பேருக்கு உதவியிருந்தால், 83 என்றே எழுதி, "ஆலோசகர் இல்லாத இரண்டரை மாதத்தில் 4 பேர், பிறகு ஒன்பதரை மாதத்தில் 79 பேர்" என்று பிரித்துக் காட்டுங்கள். மாதத்துக்கு எட்டுப் பேருக்குச் சற்று மேல் வருகிறது, ஆண்டு முழுவதற்கும் நூறு. அடுத்த ஆண்டு இலக்கை 100 என்று வையுங்கள். படிப்பவருக்கு அதில் அறிவு தெரியும். மறுபடி 120 என்று எழுதினால் போன ஆண்டு நடந்ததை நீங்கள் யோசித்துப் பார்க்கவில்லை என்று தெரியும். காலாண்டு அறிக்கையில் ஒரே பெண்ணை இரண்டு முறை புதியவராக எண்ணும் தவறு சகஜம். மார்ச்சில் வந்தவர் நீதிமன்றத் தேதிக்காக மே மாதம் திரும்பி வந்தால் சேவை இரண்டு, ஆள் ஒருவர்தான். விண்ணப்பத்தில் வரும் மொத்தமும் நான்கு காலாண்டு அறிக்கைகளின் கூட்டலும் ஒத்துப்போகிறதா என்று அனுப்பும் முன் பாருங்கள், அவர்கள் நிச்சயம் பார்ப்பார்கள்.

ஃபெடரல் பணம் வாங்குபவர்களுக்கான அரசு இணையதளமான சாம்.கவ்-இல் உள்ள பதிவு 365 நாளுக்கு ஒரு முறை புதுப்பிக்கவேண்டியது. ஃபெடரல் விதிப்படி உங்களைப் போல் மாநிலம் வழியாக வாங்குபவருக்கு அங்கே தரப்படும் யூ.இ.ஐ. என்ற அடையாள எண் இருந்தாலே போதும், ஆனால் பல மாநிலங்கள் முழுப் பதிவையும் கேட்கின்றன. பதிவில் இருக்கும் பெயரும் முகவரியும் வங்கி, வரி ஆவணங்களோடு ஓர் எழுத்து பிசகினாலும் சரிபார்ப்பு வாரக்கணக்கில் இழுக்கும். இது முழுக்க இலவசம். புதுப்பித்துத் தருகிறோம் என்று கட்டணம் கேட்டு வரும் ஈமெயில்களுக்குப் பதில் போடாதீர்கள்.

அக்டோபரில் முடிவு தாமதமானால் சம்பளத்துக்கு என்ன செய்வது என்ற பயம் நியாயமானது. காங்கிரஸ் முழு பட்ஜெட்டை நேரத்தில் நிறைவேற்றாமல் இடைக்கால ஏற்பாட்டில் ஓட்டுவது வழக்கமாகிவிட்டது, அதனால் மாநிலத்துக்குத் தொகை தெரியவே தாமதமாகும். உங்கள் கையில் கையெழுத்தான ஆவணம் வருவதற்குள் இரண்டு மாதம் போகலாம். புதிய மானியத்தின் தொடக்கத் தேதி அக்டோபர் 1 என்றே போடப்பட்டால், இடையில் கொடுத்த சம்பளத்தைப் பிறகு கேட்டு வாங்கலாம். தொடக்கத் தேதி நவம்பர் 15 என்று வந்துவிட்டால், முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்கியிருந்தாலொழிய அந்த ஆறரை வாரம் உங்கள் செலவு. ஆகவே செப்டம்பர் முதல் வாரத்திலேயே ஈமெயிலில் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். போனில் "பார்த்துக்கொள்ளலாம்" என்றது எந்தத் தணிக்கையிலும் நிற்காது. வங்கியில் கடன் எடுத்துச் சம்பளம் கொடுத்தால் அந்த வட்டியை மானியத்தில் எழுத முடியாது. பலருக்குத் தெரியாத ஒன்று: முறையான பில் கொடுத்தால் 30 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்பது ஃபெடரல் விதி, முன்பணமாகக் கொடுக்கவும் அதே விதியில் இடம் இருக்கிறது. சின்ன அமைப்பு, கையிருப்பு குறைவு என்று விளக்கி முன்பணம் கேளுங்கள். மாநிலம் மறுக்கலாம், ஆனால் கேட்காதவருக்கு யாரும் தருவதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் யாராலும் உங்களுக்கு உத்தரவாதம் தர முடியாது. மானியத்தின் நோக்கமோ அரசின் முன்னுரிமையோ இனி நிறைவேறாது என்று கருதினால், ஒப்பந்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு நடுவிலேயே மானியத்தை நிறுத்த யூனிஃபார்ம் கைடன்ஸில் ஒரு பிரிவு இருக்கிறது. 2025 ஏப்ரலில் அமெரிக்க நீதித்துறை அந்தப் பிரிவைக் காட்டி முன்னூற்றுக்கும் மேற்பட்ட மானியங்களை ஒரே வீச்சில் நிறுத்தியது. வன்முறைத் தடுப்பிலும் பாதிக்கப்பட்டோர் உதவியிலும் இருந்த அமைப்புகள் பல அதில் அடிபட்டன. வோகா உதவி நிதி சட்டத்தில் எழுதிய கணக்குப்படி மாநிலங்களுக்குப் போவது, அலுவலகம் தன் விருப்பப்படி தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் மானியம் அல்ல. அதனால் ஒப்பிட்டால் உங்கள் காலடி கொஞ்சம் கெட்டி. ஆனால் சிறப்பு நிபந்தனைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. இரண்டாம் ஆண்டு ஆவணத்தைப் போன ஆண்டின் நகல் என்று நினைத்துக் கையெழுத்துப் போடாதீர்கள். குடிவரவு நிலை பற்றியோ யாருக்குச் சேவை தரலாம் என்பது பற்றியோ புதிய வரி ஏதாவது இருந்தால், கையெழுத்துக்கு முன் மாநில அளவிலான குடும்ப வன்முறைக் கூட்டமைப்பிடமும் ஒரு வழக்கறிஞரிடமும் காட்டுங்கள். உங்களிடம் வரும் பெண்களில் பலர் கணவரின் விசாவை நம்பி இருப்பவர்கள். அந்த ஒரு வரி அவர்களுக்கு என்ன செய்யும் என்பதை வழக்கறிஞர் சொல்லட்டும்.

ஆலோசகரிடம் என்ன சொல்வது? மறைக்காமல் சொல்லுங்கள், ஆனால் தேதிகளோடு சொல்லுங்கள். விண்ணப்பம் எந்தத் தேதி போகிறது, முடிவு பொதுவாக எந்த மாதம் வருகிறது, வராமல் இழுத்தால் பொது நிதியிலிருந்து எத்தனை வாரம் அவர் சம்பளத்தைத் தாங்க முடியும். அந்தக் கடைசி எண்ணை உங்கள் நிர்வாகக் குழு இந்த மாதமே உட்கார்ந்து முடிவு செய்யட்டும். வாரத்துக்குச் சம்பளமும் சலுகையும் சேர்த்து 1,231 டாலர் என்றால் எட்டு வாரத்துக்கு 9,848. அதை இப்போதே ஒதுக்கிவைக்க முடிந்தால் "நவம்பர் 25 வரை உங்கள் சம்பளம் எங்கள் பொறுப்பு, அதற்குப் பிறகு மாநிலத்தின் பதிலைப் பொறுத்தது" என்று அவரிடம் சொல்லலாம்.